ஃபிளாப்பி டிரைவ் மாற்றுப் படலம்: ஒரு முதனிலை ஆய்வு

ஆய்வுப் பொருளும் எல்லையும்

தலைப்புக் கிடைக்காமல் அலையும் ஆய்வு மாணவர்கள் கைவைக்காத பொருள் தமிழ்நாட்டில் இல்லை. சங்க இலக்கியத்து உப்பு முதல் நகரப் பேருந்தில் எழுதியிருக்கும் குறள் வரை எதையும் ஐந்து இயல்களாகப் பகுத்துவிடும் வல்லமை நமக்கு உண்டு. ஆனால் பழைய கணினி ஒன்றின் ஃபிளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு, அதைவிடக் கொள்ளளவு கூடிய ஒன்றைப் பொருத்துவது என்னும் பொருளை மட்டும் அறிஞர்கள் தொடாமல் விட்டிருக்கிறார்கள். செய்து பார்த்தவர்களுக்கு அதன்பின் எழுதத் தெம்பில்லை. தெம்பு உள்ளவர்கள் செய்து பார்க்கவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வெல்லை: 1981 ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட பிசி, 1983-இல் வந்த எக்ஸ்டி, 1984-இல் வந்த ஏடி, இவற்றைப் பார்த்துத் தைவான் முதலிய இடங்களில் வார்க்கப்பட்ட எண்ணற்ற குளோன்கள். மக்கின்டாஷ், கமடோர், அமிகா ஆகியவை தனிச் சமயங்கள். அவற்றின் அடியார்களோடு வாதுக்கு இறங்க இங்கே இடமும் இல்லை, துணிவும் இல்லை. 1971-இல் ஐபிஎம் கொண்டுவந்த எட்டங்குலத் தட்டு, பெருங்கணினிகளுக்கு நுண்நிரல் ஊட்டுவதற்காகப் பிறந்தது. நம் மேசைப் பக்கம் அது அதிகம் வராததால் பாயிரத்தோடு நிற்கிறது. தேவைப்படும்போது மட்டும் எட்டிப் பார்க்கும்.

முதன்மைச் சான்றுகள்: ஓர் எக்ஸ்டி குளோன், 34 கம்பிக் கேபிள் ஒன்று, ஒரு ஸ்டார் திருப்புளி. துணைமைச் சான்றுகள்: கணினிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் செவிவழிக் கிடைத்தவை. ரிச்சி தெருக் கூற்றுகள் வாய்மொழி மரபைச் சேர்ந்தவையாதலால் பாடபேதம் மிகுதி. விலையிலும் பாடபேதம் உண்டு.

இனிக் கருதுகோள். கணினியின் மற்ற உறுப்புகளை அவற்றின் சொந்தத் தகுதியைக் கொண்டு மதிப்பிடலாம். மெமரி கூடினால் கூடியதுதான். பக்கத்து வீட்டுக்காரரிடம் எவ்வளவு மெமரி இருக்கிறதென்று உங்கள் கணினிக்குத் தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. ஃபிளாப்பி டிரைவ் அப்படியன்று. ஊரில் மற்றவர்களிடம் என்ன டிரைவ் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அது நல்லதா கெட்டதா என்று தீரும். ஆகவே அதைத் தனியே மாற்ற இயலாது. உள்ளே மாற்றத் தொடங்கினால் பெட்டி முழுவதையும், வெளியே மாற்றத் தொடங்கினால் ஊர் முழுவதையும் மாற்றியாக வேண்டும் என்பதே நிறுவ வேண்டிய கருதுகோள்.

தேவை எழுந்த வரலாறு

முதல் பிசியின் 5.25 அங்குலத் தட்டு, ஒரு பக்கம் மட்டும் எழுதி 160 கேபி கொண்டது. அடுத்த ஆண்டே மறுபக்கமும் எழுதி அதை 320 ஆக்கினார்கள். 1983-இல் டாஸ் இயக்குதளத்தின் 2.0 பதிப்பு வந்து, ஒரு ட்ராக்கில் எட்டு செக்டார் இருந்த இடத்தில் ஒன்பதாவதையும் நெருக்கி உட்காரவைத்து 360 ஆக்கியது. நாற்பது ட்ராக், இரண்டு பக்கம், ஒன்பது செக்டார், செக்டாருக்கு 512 பைட்; பெருக்கினால் 3,68,640 பைட்.

இதை 1330-ஆல் வகுத்துப் பார்த்தால் குறள் ஒன்றுக்கு 277 பைட் கிடைக்கிறது. எழுத்துக்கு ஒன்றிரண்டு பைட் செலவழித்த பழைய தமிழ் எழுத்துருக் குறிமுறைகளில் ஒரு குறளுக்கு நூறு பைட் தாராளம். அதாவது வள்ளுவரைப் பொறுத்தவரை 360 கேபிக்கு மேல் மனித குலத்துக்கு எதுவும் தேவைப்படவில்லை. முக்கால்வாசித் தட்டு காலியாகவே கிடக்கும் என்று வேண்டுமானாலும் சற்று மிகைப்படுத்திச் சொல்லலாம். உரையாசிரியர்கள் வரிசையாக வந்து சேர்ந்த பிறகுதான் இடம் பற்றாமல் போயிற்று. கொள்ளளவுப் பெருக்கத்துக்கு முதற்காரணம் பரிமேலழகரா, லோட்டஸ் 1-2-3 என்னும் விரிதாள் நிரலா என்பது தனியே ஆராயத்தக்கது.

1984-இல் ஏடியோடு 1.2 எம்பி டிரைவ் வந்தது. தட்டு அதே 5.25 அங்குலம், ட்ராக் எண்பது, செக்டார் பதினைந்து, சுழலும் வேகம் நிமிடத்துக்கு 300-லிருந்து 360 சுற்று. இதனிடையே 1981-இல் சோனி அறிமுகப்படுத்திய மூன்றரை அங்குலத் தட்டு, சட்டைப் பையில் அடங்கும் அழகோடும் தகரக் கதவோடும் பரவத் தொடங்கியிருந்தது. அது பிசி உலகில் முதலில் 720 கேபியாகவும், 1987-இல் ஐபிஎம் பிஎஸ்/2-வோடு 1.44 எம்பியாகவும் நிலைபெற்றது.

1.44 என்னும் எண் குறித்த ஐயம்

இந்த எண்ணை உலகமே நம்பியது. எண்பது ட்ராக், இரண்டு பக்கம், பதினெட்டு செக்டார், 512 பைட் எனப் பெருக்கினால் 14,74,560 வருகிறது. மெகா என்பது பத்து லட்சம் என்போர் கணக்கில் இது 1.47. மெகா என்பது 1024-ஐ 1024-ஆல் பெருக்கியது என்போர் கணக்கில் 1.41. இரு கட்சிக்கும் 1.44 வராது. ஓர் ஆயிரத்தை 1024 என்றும், பக்கத்திலேயே உள்ள மற்றோர் ஆயிரத்தை உண்மையான ஆயிரம் என்றும் வைத்து, 10,24,000-ஆல் வகுத்தால் மட்டுமே 1.44 பிறக்கும். கட்சி மாறுவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம்; ஒரே பெருக்கலில் இரண்டு கட்சியிலும் இருப்பது இங்கேதான்.

அத்தனையும் கைக்கு வருமா என்றால் அதுவும் இல்லை. நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் கழிப்பதுபோல டாஸ் தன் பங்குக்கு 33 செக்டார்களைப் பிடித்துக்கொண்டு 14,57,664 பைட்டைப் பயனருக்குத் தரும்.

அகத்திணை: பெட்டிக்குள் நேர்வன

எக்ஸ்டி வைத்திருந்த ஒருவர் 1.44 டிரைவ் வாங்கப் போன காலத்து உரையாடல் ஒன்று, தகவலாளர் ஒருவர் நினைவிலிருந்து சொல்லக் கிடைத்தது. அதை எழுத்து மாறாமல் தருகிறோம்.

"அண்ணே, இது ஒன் பாயிண்ட் ஃபோர் ஃபோர்தானே?"

"டிரைவ் அதான் சார். உங்க கார்டு ஒத்துக்கணும்ல?"

"எந்தக் கார்டு?"

"அப்ப மெஷினத் தூக்கிட்டு வந்துருங்க."

நான்கே அடி. சூத்திரம் என்றால் இப்படி இருக்க வேண்டும். இதற்கு உரை வருமாறு.

டிரைவ் என்பது தானாக எதையும் படிக்காது. தட்டைச் சுழற்றும், ஹெட்டை நகர்த்தும், காந்தப் பூச்சிலிருந்து வரும் துடிப்பை அப்படியே கேபிளில் அனுப்பும். அத்துடிப்பைப் பைட்டாகப் பிரித்தறிவது கன்ட்ரோலர் கார்டு. எக்ஸ்டியோடு வந்த கார்டு நொடிக்கு இரண்டரை லட்சம் பிட் வேகத்துக்குப் பழகியது. 1.44 தட்டுக்கு ஐந்து லட்சம் வேண்டும். ஆகவே 1.44 டிரைவைப் பழைய கார்டில் மாட்டினால் அது 720 கேபி டிரைவாக ஒடுங்கி நடந்துகொள்ளும். விலை முழுதும் கொடுத்துப் பாதி பெறுவது என்னும் இந்நிலைக்கு இலக்கண நூல்களில் பெயர் காணப்படவில்லை.

சரி, புதுக் கார்டு வாங்கினார். எக்ஸ்டியைக் கிளப்பும் அடிப்படை நிரலான பயாஸ் இந்த டிரைவைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. ஆகவே தன் சொந்த ரோம் சில்லில் சொந்த பயாஸ் சுமந்து வரும் கார்டாகப் பார்த்து வாங்க வேண்டும். கார்டு ஆயிற்று. டாஸ் எது? 720-க்கு 3.2, 1.44-க்கு 3.3 வேண்டும். புது டாஸ் எதில் வந்தது? பெரும்பாலும் 5.25 அங்குலத் தட்டில். எதைக் கழற்றத் துணிந்தாரோ அதை முதலில் கும்பிட்டுப் பயன்படுத்த வேண்டியதாயிற்று.

டாஸ் ஏறியது. டிரைவைப் பெட்டியில் வைத்தார். பெட்டியின் வாய் 5.25 அங்குலத்துக்குத் திறந்திருக்க, மூன்றரை அங்குல டிரைவ் உள்ளே விழுந்து தொலைந்துபோகும் நிலை. இருபுறமும் தகரச் சட்டம் வாங்கினார். கேபிளில் இருப்பது பழைய டிரைவின் பச்சைப் பலகை விளிம்பைக் கவ்வும் வாய்; புது டிரைவில் நீட்டிக்கொண்டிருப்பது இரு வரிசைப் பின்கள். அதற்கு ஒரு மாற்றி. மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் மின் இணைப்பு பெரியது. புது டிரைவில் இருப்பது கட்டைவிரல் நகமளவு நான்கு பின். அதற்கும் ஒரு மாற்றி. அந்தச் சின்ன இணைப்பை ஒரு பின் தள்ளிச் செருகினால் 12 வோல்ட் போகக்கூடாத இடத்துக்குப் போகும். டிரைவின் ஆயுள் அத்துடன் முடிந்து ஆய்வும் முதல் இயலுக்குத் திரும்பும்.

ஏடி வைத்திருந்தோர் இதில் பாதியிலிருந்து தப்பினர். ஆனால் அவர்களுக்கென்று தனி வினை இருந்தது. என்ன டிரைவ் மாட்டியிருக்கிறது என்பதைப் பேட்டரி போட்ட நினைவகத்தில் எழுதிவைக்க வேண்டும். ஐபிஎம் ஏடியில் அதை எழுதும் செட்டப் நிரல் ஒரு 5.25 அங்குலத் தட்டில் தனியே தரப்பட்டது. ஏ டிரைவைக் கழற்றிவிட்டு மூன்றரையை மாட்டியவர், மாட்டியிருப்பது மூன்றரை என்று கணினியிடம் சொல்லத் தேவையான தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதைச் செருக வாயில்லாத பெட்டியின் முன் உட்கார்ந்திருப்பார். தருக்க நூலார் இதைச் சுழல் வாதம் என்பர். வீட்டில் இருந்தவர்கள் வேறு சொன்னார்கள்.

முறுக்கு

ஃபிளாப்பி கேபிள் தனி இயலுக்கு உரியது. சாம்பல் நிறத்தில் பட்டையாக 34 கம்பி. ஒற்றைப்படை எண்ணுள்ள பதினேழும் வெறும் கிரவுண்ட். சபையில் பாதிப்பேர் தலையாட்டுவதற்காக மட்டும் அமர்ந்திருக்கிறார்கள். வேலை முழுதும் இரட்டைப்படைக் கம்பிகளுடையது. கடைசி இணைப்புக்குச் சற்று முன்னால் 10 முதல் 16 வரையுள்ள ஏழு கம்பிகளை மட்டும் பட்டையிலிருந்து கிழித்து, தலைகீழாகப் புரட்டி, மீண்டும் சேர்த்திருப்பார்கள். தொழிற்சாலையில் ஏதோ தவறிவிட்டது என்று நேராக்கப் பார்த்த அன்பர்கள் உண்டு.

தவறன்று, பெரும் தந்திரம். ஒரு கேபிளில் இரண்டு டிரைவ் தொங்குகின்றன. எது முதலாவது, எது இரண்டாவது என்பதை டிரைவின் வயிற்றிலுள்ள ஜம்பர் என்னும் சிறு செருகியால் குறிக்க வேண்டும். பெட்டிக்குப் பெட்டி ஜம்பர் மாற்றும் தொல்லையை ஒழிக்க, எல்லா டிரைவையும் இரண்டாவது என்றே குறித்து அனுப்பினார்கள். முறுக்கைத் தாண்டி இருப்பதற்கு மட்டும் தேர்வுக் கம்பியும் மோட்டார்க் கம்பியும் இடம் மாறிப் போய்ச் சேர்வதால் அது முதலாவது, அதாவது ஏ ஆகிறது. முறுக்குக்கு முன்னால் இருப்பது பி. இருவருமே இரண்டாமவர், நிற்குமிடத்தால் ஒருவர் முதல்வர்.

இந்த 'இரண்டாவது' என்பதிலும் ஒரு தத்துவச் சிக்கல் உண்டு. டிரைவ் தயாரிப்பாளருள் ஒரு சாரார் சூனியத்திலிருந்து எண்ணத் தொடங்கினர். அவர்களுடைய பலகையில் இரண்டாவது என்பது டிஎஸ்1. மற்றொரு சாரார் ஒன்றிலிருந்து எண்ணினர். அவர்களுடைய இரண்டாவது டிஎஸ்2. சூனியவாதிகளுக்கும் ஏகவாதிகளுக்கும் நடந்த போரில் அழிந்தது பயனரின் ஞாயிற்றுக்கிழமை.

போதாக்குறைக்கு, அந்தக் காலத்து ஹார்டு டிஸ்குக்கும் 34 கம்பிக் கேபிள் உண்டு. அதிலும் முறுக்கு உண்டு. ஆனால் அங்கே 25 முதல் 29 வரை ஐந்தே கம்பி. இரண்டையும் மேசைமீது போட்டால் பெற்ற தாய்க்கும் வித்தியாசம் தெரியாது. கேபிளின் ஒரு விளிம்பில் ஓடும் சிவப்புக் கோடு முதல் பின் பக்கம் இருக்க வேண்டும் என்பது பொது விதி. மாற்றிச் செருகினால், கணினியைப் போட்டவுடன் டிரைவின் விளக்கு எரியத் தொடங்கி, அணையவே அணையாது. ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம் இட்டபின் அப்படி எரிந்தாலும் அதை அருட்பெருஞ்சோதி என்று கொள்ளற்க, கேபிளைத் திருப்புக.

எது ஏ, எது பி என்பதில் வந்த வழக்குகளைத் தொகுத்தால் தனி நூலாகும். மூன்றரையை ஏ ஆக்கினால் பழைய 5.25 தட்டிலிருந்து கணினியைக் கிளப்ப முடியாது. பி ஆக்கினால் புதியதிலிருந்து கிளப்ப முடியாது. பிற்காலத்து பயாஸ்களில் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ள ஒரு வரி வைத்து வழக்கைத் தீர்த்தார்கள். ஒரே டிரைவ் உள்ள பெட்டியில் டாஸ் அந்த ஒன்றையே ஏ எனவும் பி எனவும் இரு வேடத்தில் ஆடவிட்டு, பி-க்குரிய தட்டைச் செருகுக என்று முகம் மாறாமல் கேட்கும். பி என்று ஒருவர் இல்லாதபோதும் அவருக்குரிய மரியாதை குறைந்ததே இல்லை.

துளைச் சமயங்கள்

மூன்றரை அங்குலத் தட்டில், 1.44 என்றால் ஒரு மூலையில் சதுரத் துளை இருக்கும். 720 என்றால் இராது. டிரைவுக்குள் இருக்கும் ஒரு சிறு முளையோ ஒளிக்கண்ணோ அந்தத் துளையைப் பார்த்தே தட்டின் குலத்தை முடிவு செய்யும். தட்டின் குலம் அதன் மேனியிலுள்ள காந்தப் பூச்சில் இருக்கிறது என்பது டிரைவுக்குத் தெரியாது.

இதைக் கண்டுகொண்ட மக்கள் இரு சமயமாகப் பிரிந்தனர். 720 தட்டு விலை குறைவு. அதில் ஒரு துளை போட்டால் 1.44 ஆகிவிடும் என்றோர் துளையிடுவோர். துளைப்பானும், பழுக்கக் காய்ச்சிய ஸ்க்ரூவும் இவர்களுடைய கருவிகள். இதற்கென்றே கருவி விற்ற வணிகரும் உண்டு. எதிர்ச் சமயத்தார், புது டிரைவைப் பழைய கார்டில் மாட்டி 720-இல் நின்றுபோனவர்கள், கடையில் 1.44 தட்டு மட்டுமே கிடைத்ததால் அதன் துளைமேல் டேப் ஒட்டி மறைத்தார்கள். ஒருவர் இல்லாத துளையைத் தோண்ட, மற்றவர் இருந்த துளையை மூடினார். ஒரே தெருவில், ஒரே ஆண்டில். இரண்டு பூச்சும் வெவ்வேறு காந்த வலு வேண்டுபவை. ஆகவே எழுதிய நாளில் எல்லாம் சரியாக இருக்கும். பின்னொரு நாள், அவசரமாக வேண்டும்போது, இரு சமயத்தாருக்கும் செக்டார் கிடைக்கவில்லை என்னும் ஒரே வீடுபேறு சித்திக்கும்.

எழுதியது அழியாமல் காக்கும் துளையின் நிலை இதைவிட விசித்திரம். எட்டங்குலத் தட்டில் வெட்டுவாயை மூடினால்தான் எழுத முடியும். 5.25-இல் மூடினால் எழுத முடியாது. மூன்றரையில் மறுபடி மூடினால்தான் எழுத முடியும். தலைமுறைக்கு ஒருமுறை சாத்திரத்தைப் புரட்டிப் போட்டவர்கள், பழைய பழக்கத்தில் தட்டைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து அழித்துக்கொண்டவர்களைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆவிகள்

அமானுஷ்யம் ஆய்வுக்கு உரியதா என்று நெறியாளர்கள் கேட்கக் கூடும். ஆனால் ஏடி வகையில் டிரைவ் மாற்றிய பலர் கண்டதாகச் சொல்லும் ஆவி ஒன்றை விலக்க முடியவில்லை. ஒரு தட்டைச் செருகி டைரக்டரி பார்க்கிறோம். கோப்புகளின் பட்டியல் வருகிறது. அதை எடுத்துவிட்டு வேறு தட்டைச் செருகிப் பார்க்கிறோம். எடுத்துவிட்ட தட்டின் பட்டியலே மறுபடி வருகிறது. தட்டு கையில் இருக்கிறது, அதன் ஆவி திரையில் இருக்கிறது.

விளக்கம் 34-ஆம் பின்னில் உள்ளது. தட்டை மாற்றியதும் டிரைவ் அந்தப் பின் வழியே சேதி அனுப்ப வேண்டும். சில டிரைவுகள் அதே பின்னில் 'நான் தயார்' என்ற வேறு சேதியை அனுப்பும். சேதி வராதவரை டாஸ் பழைய பட்டியலையே நம்பிக்கொண்டிருக்கும். பார்த்ததோடு விட்டால் பரவாயில்லை. அந்நேரத்தில் எதையாவது சேமித்தால், முதல் தட்டின் கணக்கேடு இரண்டாம் தட்டின்மேல் எழுதப்பட்டு, இரண்டாம் தட்டும் ஆவியாகிவிடும். பரிகாரம், ஒரு ஜம்பரை மாற்றுவது. மாற்று டிரைவ் வாங்கும்முன் இதைச் சொல்வோர் ரிச்சி தெருவில் சிலர் இருந்தனர். வாங்கியபின் சொன்னோர் பலர்.

புறத்திணை: ஊரில் நேர்வன

இதுவரை கண்டவை பெட்டிக்குள் தீர்க்கக் கூடியவை; காசும் கையும் போதும். கருதுகோளின் மறுபாதி அப்படித் தீராதது.

360 டிரைவைக் கழற்றிவிட்டு 1.2 எம்பி டிரைவ் மாட்டியவரை எடுத்துக்கொள்வோம். பழைய டிரைவ் ஓர் அங்குலத்தில் 48 ட்ராக் வரையும், புதியது 96. அதாவது புது ஹெட்டின் கோடு பழைய கோட்டின் பாதிக்கும் குறைந்த அகலம். ஊரார் தந்த 360 தட்டை இவர் சுகமாகப் படிப்பார். அகன்ற பாதையில் ஒடுங்கிய ஹெட் தடங்கலின்றிப் போகும். அதே தட்டில் ஒரு திருத்தம் செய்து எழுதினால்தான் வினை. அகன்ற பழைய பாதையின் நடுவே மெல்லிய புதுக் கோடு விழும். இரு ஓரத்திலும் பழைய எழுத்து அழியாமல் கிடக்கும். தட்டைத் திருப்பிக் கொடுத்ததும் ஊராரின் அகன்ற ஹெட் புதியதையும் பழையதையும் ஒருசேரக் கேட்டுக் குழம்பிக் கைவிடும். எழுதியவர் தம் கணினியில் போட்டுப் பார்த்தால் துல்லியமாக இருக்கும். "என்கிட்ட நல்லாத்தானே வருது" என்பார். அது பொய்யும் அன்று.

முன்னேறியவர் எல்லாரையும் படிக்கிறார். அவர் எழுதுவதை மட்டும் எவராலும் படிக்க முடிவதில்லை. தமிழ்ச் சிறுபத்திரிகை வட்டாரத்தில் இந்நிலை முன்பே அறியப்பட்டிருந்ததாயினும், அங்கே அது தரமாகக் கருதப்பட்டது. இங்கே டிரைவ் ரிப்பேர் என்று கருதப்பட்டது.

ஆகவேதான் கல்லூரி வாசல்களில் இருந்த டிடிபி மையங்கள் ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டும் மடமையைச் செய்யவில்லை. இரண்டு அளவு டிரைவையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தன. வாடிக்கையாளர் எதைக் கொண்டுவந்தாலும் செருக ஒரு வாய் வேண்டும். தட்டு செருகப்பட்டாலும் போதாது. தமிழ்க் கோப்பென்றால் அதை அடித்த எழுத்துருவும் அதே தட்டில் வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வேடு முழுதும் அயல்நாட்டு எழுத்துகளாக விரியும். தட்டில் கோப்பு, கோப்புக்கு எழுத்துரு, எழுத்துருவுக்கு விசைப்பலகை என்று ஒரு குடும்பமே ஒரு ஃபிளாப்பியில் குடிபெயர்ந்துகொண்டிருந்த காலம் அது.

கொடுக்கல் வாங்கலில் நோயும் அடக்கம். 1986-இல் லாகூரில் பாசித், அம்ஜத் ஆல்வி சகோதரர்கள் எழுதிய பிரெய்ன் வைரஸ் தட்டு வழியே உலகம் சுற்றியது. அது 360 கேபி தட்டுகளை மட்டுமே பீடித்தது. 1.2-க்கும் 720-க்கும் மாறியவர்கள் அதனிடமிருந்து தப்பினர். டிரைவ் மாற்றத்தால் உடல்நலம் கிட்டியதற்கு நமக்குக் கிடைக்கும் சான்று இது. பின்வந்த வைரஸ்கள் இவ்வளவு அளவு பார்க்கவில்லை.

கருதுகோளுக்கு வலுவான சான்று 2.88 எம்பி டிரைவ். எல்லா வகையிலும் 1.44-ஐவிடச் சிறந்தது, 1.44 தட்டையும் 720 தட்டையும் படிக்கும், டாஸ் 5.0 ஏற்றுக்கொண்டது, ஐபிஎம் தன் சில கணினிகளில் வைத்தது. வாங்கியவர் அதில் எழுதிய தட்டைக் கொண்டுபோய் யாரிடம் கொடுப்பது? கொடுக்க ஆளில்லாததால் அது செத்தது. 120 எம்பி தட்டு, ஜிப் தட்டு எனப் பின்னால் வந்தவையும் 1.44-இன் நாற்காலியில் உட்கார முடியாமல் போனதற்கு விலை முதலிய காரணங்கள் பல கூறுவர். பக்கத்து மேசையில் அது இல்லை என்பதே எமக்கு முதற்காரணமாகப் படுகிறது.

எதிர்மறைச் சான்றும் உண்டு. அமெரிக்க அணு ஆயுதப் படை 2019 வரை எட்டங்குலத் தட்டை வைத்திருந்தது. உலகம் அதைப் பார்த்துச் சிரித்தது; எமக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அவர்கள் யாரோடும் தட்டு மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை, மாற்றிக்கொள்ளவும் கூடாது. ஊர் உறவு இல்லாதவர்க்கு மேம்பாடு என்ன? ஜப்பானில் நேர் எதிர்: அரசுக்கு ஃபிளாப்பியில்தான் தர வேண்டும் என்ற விதிகள் ஆயிரத்துக்கு மேல் இருந்ததால், டிரைவைத் தனியொருவர் கைவிட வழியில்லை. அந்நாட்டு டிஜிட்டல் அமைச்சர் தாரோ கோனோ 2022-இல் ஃபிளாப்பிமேல் போர் தொடுப்பதாகவே அறிவித்து, 2024-இல்தான் விதிகளை ஒழித்து முடித்தார். ஒரு டிரைவைக் கழற்ற ஓர் அமைச்சகம் வேண்டியிருந்தது.

மேலாய்வுக்குரிய களம்

சோனி 2011-இல் தட்டு தயாரிப்பதை நிறுத்தியது. இன்று பழைய கணினியின் டிரைவை மாற்ற விரும்புவோர் வாங்குவது கோடெக் என்னும் சீனப் பெட்டி. அளவு மூன்றரை அங்குல டிரைவுதான். பின்னால் அதே 34 பின், அதே சின்ன மின் இணைப்பு, சூனியவாதிகளின் எண்ணிக்கையில் அதே ஜம்பர்கள். முன்னால் தட்டு செருகும் வாய்க்குப் பதில் பென் டிரைவ் செருகும் வாய், மூன்று இலக்கச் சிவப்பு எண், இரண்டு பொத்தான். 000 முதல் 999 வரை ஆயிரம் தட்டுகளின் உருவம் ஒரு பென் டிரைவில் அடங்கும். கணினி தன் முன்னால் நிற்பது பழைய டிரைவ் என்றே நம்பிக்கொண்டிருக்கும். ஃபிளாப்பி வாயோடு வந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் எம்பிராய்டரி இயந்திரங்களும் இதை வாங்கிக்கொண்டுதான் காலம் தள்ளுகின்றன.

ட்ராக் தேய்வதில்லை, பூச்சு உதிர்வதில்லை, துளை இல்லை. அடுத்தவரிடம் என்ன டிரைவ் என்று கேட்க வேண்டியதில்லை. அடுத்தவரிடம் டிரைவே இல்லை. நாற்பதாண்டுத் தடைகள் அனைத்தும் நீங்கிய இந்நிலையில் ஆர்வலர்கள் அடுத்து என்ன மேம்பாடு செய்தனர் என்பதைக் கள ஆய்வில் கண்டோம். பெட்டியைத் திறந்து உள்ளே ஒரு சிறு ஸ்பீக்கரைப் பற்றவைக்கிறார்கள். ஹெட் நகரும்போது பழைய டிரைவ் போட்ட 'கர்ர், கர், டக்' என்ற சத்தம் அதிலிருந்து வர வேண்டும். ஃபிளாஷ்ஃபிளாப்பி என்னும் இலவச நிரலில் அச்சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் தனி அமைப்பே உள்ளது. கூட்டி வைப்போர் எத்தனை பேர், குறைத்து வைப்போர் எத்தனை பேர், அவர்களுள் வீட்டில் சிறு குழந்தை தூங்குவோர் எவ்வளவு என்பது உளவியல் துறையினரின் ஆய்வுக்கு விடப்படுகிறது. ஸ்பீக்கரின் சிவப்புக் கம்பியை எந்தப் பின்னில் பற்றவைப்பது என்பதில் இப்போதே இரண்டு கட்சி உருவாகியிருப்பதாக ரிச்சி தெருவில் சொல்கிறார்கள்.